திர்ஹாமுக்கும் தினக்கூலிக்கும் நடுவே

வளைகுடாச் சம்பளத்துக்கும் உள்ளூர்க் கூலிக்கும் இருந்த இடைவெளி சுருங்கிவிட்டது. கேரளத்தின் தெற்கு எல்லைக் கிராமங்களில் பழைய கணக்கு இனிச் செல்லாது.

களியக்காவிளையைத் தாண்டினால் இஞ்சிவிளை. அதையடுத்துப் பாறசாலை. கடைப் பலகைகளில் எழுத்து மாறுகிறது. பேருந்தின் நிறம் மாறுகிறது. பேச்சு மட்டும் அவ்வளவு சீக்கிரம் மாறுவதில்லை. நெய்யாற்றின்கரை தாலுகாவின் இந்தத் தெற்கு ஓரத்தில் - பாறசாலை, காரோடு, செங்கல், கொல்லயில், குளத்தூர், வெள்ளறடை என்று நீளும் ஊர்களில் - தமிழும் மலையாளமும் ஒரே வீட்டுக்குள் புழங்குகின்றன. மரச்சீனிக்கும் மீன்கறிக்கும் மாநில எல்லை கிடையாது. கல்யாண உறவுகளுக்கும் கிடையாது.

இந்தச் சாலையில் தினமும் இரண்டு வகைப் பயணிகளைப் பார்க்கலாம். விடிந்தும் விடியாமலும் பையில் கொல்லுக் கரண்டியும் மாற்று உடுப்புமாகக் குமரி மாவட்டத்திலிருந்து திருவனந்தபுரத்துக்குக் கட்டட வேலைக்குப் போகிறவர்கள் முதல் வகை. இருட்டுவதற்குள் திரும்பிவிடுவார்கள். இரண்டாவது வகையினர் வாடகைக் காரின் மேல் பெட்டியைக் கட்டிக்கொண்டு அதே திருவனந்தபுரத்துக்கு, ஆனால் விமான நிலையத்துக்குப் போகிறவர்கள். திரும்ப இரண்டு வருடம் ஆகும்.

இருவரில் யாருக்கு அதிகம் மிஞ்சும்? 1990ல் இப்படிக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். இன்று பதில் அவ்வளவு சுலபமில்லை.

கோடு வரும் முன்பே குடிபெயர்ப்பு

பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் போவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. பாலராமபுரத்துக் கைத்தறிக்கு 2009ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தத் தறிகளை அங்கே கொண்டுவந்தவர்கள், திருவிதாங்கூர் மன்னர் பாலராம வர்மாவின் காலத்தில் தெற்கே இருந்து வரவழைக்கப்பட்ட தமிழ் பேசும் சாலியர்கள்.

1956 நவம்பர் 1ல் மொழிவாரி மாநிலங்கள் பிறந்தபோது அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட பட்டியலில் நெய்யாற்றின்கரையும் இருந்தது. அது கேரளத்திலேயே தங்கிவிட்டது. அண்ணன் ஒரு மாநிலம், தம்பி ஒரு மாநிலம் என்று ஆன குடும்பங்கள் உண்டு. 1973க்குப் பிறகு எண்ணெய் விலை ஏறி வளைகுடா நாடுகள் கட்டடம் கட்டத் தொடங்கியபோது எல்லையின் இரண்டு பக்கமிருந்தும் ஆட்கள் போனார்கள். பணம் வந்தது. ஓலைக் கூரைகள் கான்கிரீட்டாயின. 'மாப்பிள்ளை கல்ஃபில்' என்றால் பெண் வீட்டார் மேற்கொண்டு கேட்பதை நிறுத்தினார்கள்.

கேரளத்துக்கு வரும் இந்தப் பணத்தின் அளவு இன்றும் குறையவில்லை. 1998 முதல் ஐந்தாண்டுக்கொரு முறை பெரும்பாலும் நடந்துவரும் கேரள இடப்பெயர்வு ஆய்வின்படி, 2023ல் வெளிநாடுகளில் இருந்த கேரளத்தவர் சுமார் 22 லட்சம் பேர். அவர்கள் அனுப்பியது 2,16,893 கோடி ரூபாய். 2018ல் இது 85,092 கோடி. தமிழ்நாட்டிலும் 2015ல் நடந்த ஆய்வு வெளிநாட்டில் இருந்தவர்களை 22 லட்சம் என்றே கணக்கிட்டது.

ஆனால் அதே கேரள ஆய்வில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்துவிட்டவர்கள் 2018ல் சுமார் 12 லட்சம். 2023ல் 18 லட்சம். இந்த ஆறு லட்சம் பேரில் கொரோனாவால் திரும்பியவர்கள் பலர். கணக்குத் தவறியதால் திரும்பியவர்களும் இருக்கிறார்கள்.

ஆயிரம் திர்ஹாமும் கால் பவுனும்

ஐக்கிய அரபு எமிரேட்சின் திர்ஹாம் டாலரோடு கட்டப்பட்ட நாணயம். டாலர் ஏறினால் அதுவும் ஏறும். ரூபாய் விழ விழ, ஊரில் திர்ஹாமின் மதிப்பு உயரும். 1990ல் ஆயிரம் திர்ஹாம் அனுப்பினால் வீட்டில் கிடைத்தது சுமார் 4,750 ரூபாய். 2000ல் 12,000. 2020ல் 20,000. டாலர் 90 ரூபாயைத் தாண்டிய 2025 டிசம்பரில் 24,500.

பார்க்கிறவருக்குச் சம்பளம் ஐந்து மடங்காகிவிட்டது போலத் தெரியும். துபாயில் அவர் வாங்குவது அதே ஆயிரம் திர்ஹாமாக இருக்கலாம். இதற்கிடையில் ஊரில் விலைவாசி என்ன ஆயிற்று? தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டெண் 1990க்கும் 2020க்கும் இடையே ஏழு மடங்குக்கு மேல் ஏறியது. அதே காலத்தில் ஆயிரம் திர்ஹாமின் ரூபாய் மதிப்பு நான்கு மடங்கு சொச்சம்தான் ஏறியது. ரூபாயின் சரிவு கொடுத்ததை விலைவாசி எடுத்துக்கொண்டு, மேலும் கொஞ்சம் பிடுங்கியும்விட்டது.

இந்த ஊர்களில் எல்லாவற்றுக்கும் அளவுகோல் தங்கம்தான். அதை வைத்தே பார்க்கலாம். 1990ல் ஆயிரம் திர்ஹாமுக்கு ஏறக்குறைய இரண்டு பவுன் வாங்க முடிந்தது. 2025 அக்டோபரில் ஒரு பவுன் 90,000 ரூபாயைத் தாண்டியது. அதே ஆயிரம் திர்ஹாமுக்கு அப்போது கிடைத்தது கால் பவுனைச் சுற்றித்தான். தங்கையின் கல்யாணத்துக்கு நகை சேர்க்க அப்பா நான்கைந்து வருடம் கல்ஃபில் இருந்தார் என்றால், அதே வேலையில், அதே சம்பளத்தில், அதே நகைக்கு மகன் ஒரு ஆயுள் முழுவதும் இருக்க வேண்டும்.

இங்கே ஏறிய கூலி

தராசின் மறு தட்டு ஊரிலேயே இருக்கிறது. ரிசர்வ் வங்கி வெளியிடும் கையேட்டின்படி 2022-23ல் கேரளக் கிராமங்களில் கட்டுமானத் தொழிலாளியின் சராசரி நாட்கூலி ரூ. 852. நாட்டிலேயே அதிகம் இதுதான். அகில இந்திய சராசரி ரூ. 393. தமிழ்நாட்டில் சுமார் ரூ. 500. களியக்காவிளையில் காலையில் ஏன் அவ்வளவு கூட்டம் என்பதற்கு விளக்கம் இந்த 350 ரூபாய் வித்தியாசம். குமரி மாவட்டத்துத் தொழிலாளிக்கு முதல் 'வெளிநாடு' திருவனந்தபுரம்தான். வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ரயிலேறி வருகிறவர்களும் இதே கூலியைத் தேடித்தான் வருகிறார்கள்.

இப்போது கத்தாரைப் பார்ப்போம். 2021 மார்ச்சில் அந்த நாடு எல்லாத் தொழிலாளர்களுக்கும் குறைந்தபட்ச மாதச் சம்பளத்தை ஆயிரம் ரியாலாக நிர்ணயித்தது. தங்குமிடம் தராவிட்டால் 500 ரியாலும் உணவு தராவிட்டால் 300 ரியாலும் கூடுதலாகத் தரவேண்டும். வளைகுடாவில் உள்நாட்டவர், அயல்நாட்டவர் என்ற பேதமில்லாமல் வந்த முதல் சட்டம் என்று அதைப் பாராட்டினார்கள். 2022-23 மாற்று விகிதத்தில் அந்த ஆயிரம் ரியால் சுமார் 22,000 ரூபாய்.

பாறசாலையில் ரூ. 852 கூலிக்கு மாதம் 25 நாள் வேலை செய்தால் ரூ. 21,300. இங்கே ஜூனில் ஒரு மழைக்காலம், அக்டோபரில் இன்னொரு மழைக்காலம். வேலை 20 நாளாகச் சுருங்கினால் ரூ. 17,040. இது சாதாரணத் தொழிலாளியின் சராசரி. கைதேர்ந்த கொத்தனாருக்கும் ஆசாரிக்கும் கூலி இதற்கும் மேல்.

வித்தியாசம் இருக்கிறது. ஆனால் இரண்டாயிரம் மைலுக்கு அப்பால் இரண்டு வருடம் இருப்பதற்கு இந்த வித்தியாசம் போதுமா என்பதுதான் கேள்வி.

போவதற்கே ஒரு விலை

பதிவு பெற்ற ஏஜெண்ட் ஒரு ஆளை அனுப்புவதற்கு 30,000 ரூபாயும் அதன் மீதான ஜி.எஸ்.டி.யும் மட்டுமே வாங்கலாம் என்பது சட்டம். விசாவுக்கு விலை பேசுகிறவர்களுக்கு இந்த வரம்பு ஒரு பொருட்டில்லை. 2015ல் கொச்சியில் சி.பி.ஐ. பதிவு செய்த ஒரு வழக்கு நாட்டையே உலுக்கியது. குவைத்துக்குப் போன நர்சுகளிடம் 19,500 ரூபாய் வாங்க வேண்டிய இடத்தில் 19 லட்சத்து 50 ஆயிரம் வாங்கினார்கள் என்பது குற்றச்சாட்டு. அதையொட்டி, வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு நர்சுகளைக் கேரளத்தின் நோர்கா ரூட்ஸ், ஒடெபெக் போன்ற அரசு நிறுவனங்கள் மூலமே அனுப்ப வேண்டும் என்று மத்திய அரசு உத்தரவிட்டது.

நர்சு அல்லாதவர் நிலை என்ன? ஒரு உதாரணக் கணக்கு. விசா, மருத்துவப் பரிசோதனை, டிக்கெட் எல்லாம் சேர்த்து 1,20,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டிக்கு வாங்கினால் வட்டி மட்டும் முதல் மாதம் 2,400 ரூபாய். சம்பளம் 22,000. டெலிபோன், சோப்பு, மருந்து, சில்லறைச் செலவு என்று அங்கே 5,000 போனால் ஊருக்கு வருவது 17,000. அதில் வட்டியும் போய், அசலில் மாதம் 5,000 அடைத்தால் வீட்டுக்கு மிஞ்சுவது 9,600. கடன் தீர 24 மாதம் ஆகும். இரண்டு வருட ஒப்பந்தமும் அதே 24 மாதம்தான்.

அதாவது முதல் ஒப்பந்தம் கடன்காரருக்கு. சேமிப்பு இரண்டாவது ஒப்பந்தத்தில்தான் தொடங்குகிறது. பலர் மூன்றாவது, நான்காவது முறை போவதற்குப் பேராசை காரணமல்ல. இந்தக் கணக்குதான் காரணம்.

அங்கேயும் விலை ஏறுகிறது

வரியில்லாத நாடு என்ற பெயரும் பழங்கதையாகிவிட்டது. 2018 ஜனவரியில் சவூதி அரேபியாவும் எமிரேட்சும் ஐந்து சதவீத வாட் வரியைக் கொண்டுவந்தன. 2020 ஜூலையில் சவூதி அதை 15 சதவீதமாக்கியது. முகாமில் தங்கி, கம்பெனிச் சாப்பாடு சாப்பிடுகிறவரை இது லேசாகத்தான் தொடும். குடும்பத்தோடு இருப்பவரை அப்படி விடாது.

குடும்பத்தை வைத்துக்கொள்வதற்கே சவூதியில் தலைவரி உண்டு. 2017 ஜூலையில் ஒரு ஆளுக்கு மாதம் 100 ரியாலாகத் தொடங்கி வருடத்துக்கு நூறு நூறாக ஏறி 2020ல் 400 ஆனது. மனைவி, இரண்டு குழந்தைகள் என்றால் மாதம் 1,200 ரியால். நம் பணத்தில் 26,000க்கு மேல். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஊர் திரும்பின. அப்பாக்கள் மட்டும் அங்கேயே தங்கினார்கள்.

எமிரேட்சில் குடும்பத்தை அழைத்துக்கொள்ள மாதம் 4,000 திர்ஹாம் சம்பளம் வேண்டும். தங்குமிடம் தனியாகக் கிடைத்தால் 3,000. கொத்தனாருக்கும் துப்புரவுத் தொழிலாளிக்கும் அது எட்டாத உயரம். பொருள் தேடக் கடல் கடக்கும்போது பெண்ணை உடன் அழைத்துச் செல்வதில்லை என்று தொல்காப்பியம் ஒரு மரபைச் சொல்கிறது. பொருள்வயின் பிரிவு என்று அதற்கு இலக்கணத்தில் பெயர். இன்று அந்த இலக்கணத்தை எழுதுவது குடியேற்றத் துறையின் சம்பள வரம்பு.

கணக்கில் வராத செலவு

பொழியூரும் பூவாறும் இதே தாலுகாவின் கடற்கரை ஊர்கள். அங்கிருந்தும் அடுத்துள்ள குமரிக் கரையிலிருந்தும் வளைகுடாப் படகுகளில் மீன்பிடிக்கப் போகிறவர்களில் பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது. மீன் விற்ற பணத்தில் பங்குதான். மீன் இல்லையென்றால் பங்கும் இல்லை. 2020ல் கொரோனா வந்தபோது ஈரானில் சிக்கிய மீனவர்கள் மாதக்கணக்கில் படகுகளிலேயே கிடந்தார்கள். கடைசியில் ஐ.என்.எஸ். ஜலஷ்வா என்ற கடற்படைக் கப்பல் பந்தர் அப்பாசிலிருந்து 687 பேரை ஏற்றிக்கொண்டு ஜூலை 1ல் தூத்துக்குடி வந்து சேர்ந்தது.

2024 ஜூன் 12ல் குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் தீப்பிடித்தது. இரண்டு நாள் கழித்து விமானப்படை விமானம் 45 இந்தியர்களின் உடல்களோடு கொச்சியில் இறங்கியது. அங்கே இறக்கப்பட்ட 31 சவப்பெட்டிகளில் கேரளத்தவர் 23 பேர், தமிழ்நாட்டவர் ஏழு பேர், கர்நாடகத்தவர் ஒருவர். ஒரே கட்டடத்தில் உறங்கியவர்கள், ஊர் வந்ததும் மாநில வாரியாகப் பிரிந்தார்கள்.

உயிரோடு திரும்புகிறவர்களும் அப்படித்தான் பிரிகிறார்கள். கேரளம் 1996லேயே வெளிநாட்டு மலையாளிகளுக்கென நோர்கா என்ற தனித் துறை தொடங்கிவிட்டது. இரண்டு வருடமாவது வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பியவர் தொழில் தொடங்க 30 லட்சம் ரூபாய் வரையிலான திட்டங்களுக்கு வங்கிக் கடனும், அதில் 15 சதவீத மானியமும் - அதிகபட்சம் மூன்று லட்சம் - கிடைக்க வழி இருக்கிறது. நல வாரியத்தில் சந்தா கட்டியவருக்கு 60 வயதுக்குப் பின் ஓய்வூதியம் உண்டு. எல்லைக்கு இந்தப் பக்கம் 2011ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த அயலகத் தமிழர் நல வாரியம் இருக்கிறது. பேச்சை வைத்து இந்தப் பலன்கள் கிடைப்பதில்லை. ரேஷன் கார்டு எந்த மாநிலத்தது என்பதை வைத்துக் கிடைக்கின்றன. பாறசாலைத் தமிழர் நோர்காவுக்குப் போக வேண்டும். களியக்காவிளையில் மலையாளம் பேசுகிறவர் சென்னையை நோக்க வேண்டும். தமிழ் தினசரியில் வந்த அறிவிப்பைப் பார்த்து எல்லைக்கு அப்பால் உள்ளவர் விண்ணப்பித்தால் காலம்தான் விரயம்.

பவுண்டுக் கணக்கு

இளைய தலைமுறை வேறு திசையில் பார்க்கிறது. கேரள ஆய்வின்படி 2018ல் வெளிநாட்டில் படித்த கேரள மாணவர்கள் 1.29 லட்சம், 2023ல் 2.5 லட்சம். வெளியே இருப்பவர்களில் வளைகுடாவில் இருப்போரின் பங்கு 89 சதவீதத்திலிருந்து 80 சதவீதமாக இறங்கியிருக்கிறது.

பிரிட்டன் ஒரு விஷயத்தில் நேர்மையாக இருக்கிறது. விசா தருவதற்கு முன்பே வாழ்க்கைச் செலவைக் காட்டச் சொல்கிறது. 2025 ஜனவரி முதல் லண்டனுக்கு வெளியே படிக்கும் மாணவர் மாதம் 1,136 பவுண்ட் வீதம் ஒன்பது மாதச் செலவுக்குக் கையில் பணம் இருப்பதாக நிரூபிக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு நவம்பரில் தொகை மேலும் உயர்ந்தது. ஒன்பது மாதத்துக்குப் பத்தாயிரம் பவுண்டுக்கு மேல் - 11 லட்சம் ரூபாய்க்கும் மேல். கல்லூரிக் கட்டணம் தனி.

வீட்டை அடமானம் வைத்து அந்தத் தொகையைக் காட்டுகிறவர்கள், படித்து முடித்து அங்கேயே வேலை கிடைத்துவிடும் என்று நம்புகிறார்கள். அந்த வாசல் குறுகிவருகிறது. 2024 ஜனவரி முதல் பெரும்பாலான மாணவர்கள் குடும்பத்தை அழைத்துப் போக முடியாது. அதே மார்ச்சில் முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போகிறவர்களுக்கும் அந்தத் தடை வந்தது. 2025 ஜூலையில் அந்த வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதே நின்றது.

யாருக்கு லாபம்?

இவ்வளவுக்குப் பிறகும் ஏன் போகிறார்கள்? முக்கியமான காரணம், அங்கே பணம் சேர்ந்து நிற்கிறது. ஊரில் அன்றாடக் கூலி அன்றாடம் கரைகிறது. டீக்கடை, மதுக்கடை, சிட்டி, கல்யாண மொய், கோயில் கொடை, பள்ளித் திருநாள் என்று 852 ரூபாய்க்கு ஆயிரம் கைகள் நீள்கின்றன. முகாமில் இருப்பவரிடம் நீளும் கை ஒன்றுதான், அது வீட்டுக்கை. கல்ஃப் என்பது பலருக்கு ஒரு கட்டாயச் சேமிப்புத் திட்டம்.

அந்தத் திட்டம் கைத்தொழில் உள்ளவருக்கு இன்றும் லாபம் தருகிறது. எலக்ட்ரீஷியன், வெல்டர், குளிர்சாதன மெக்கானிக், கனரக வாகன ஓட்டுநர், நர்சு - இவர்களுக்கு அனுபவம் கூடக் கூடச் சம்பளமும் ஏற வழியிருக்கிறது. கையில் தொழில் இல்லாமல் 'ஏதாவது வேலை' என்று போகிறவருக்குத்தான் சம்பளம் நின்ற இடத்திலேயே நிற்கிறது. கேரளக் கூலி கிடைக்கும் தூரத்தில் வீடு இருக்கும்போது அவர் கடன் வாங்கிப் போவது அநேகமாக நஷ்டம். ஒரு ஐ.டி.ஐ. சான்றிதழுக்கு ஆகும் இரண்டு வருடம், முதல் ஒப்பந்தத்தில் கடன் அடைக்கும் இரண்டு வருடத்தைவிட மலிவு.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் வளைகுடாவுக்குப் போகக் குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி தேவை. அவர்களுக்கு 10 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடும் கட்டாயம்; இரண்டு வருடத்துக்குப் பிரீமியம் 275 ரூபாய்தான். பத்தாம் வகுப்பு தேறியவருக்கு இந்த அனுமதி தேவையில்லை. அதனால் அந்தக் கட்டாயமும் இல்லை. எல்லாரும் பள்ளிக்கூடம் போன இந்த ஊர்களில் பெரும்பாலோர் இரண்டாவது வகை. படித்ததாலேயே அரசின் பார்வையிலிருந்து நழுவிப் போகிறவர்கள் இவர்கள். காப்பீட்டை அவர்களேதான் தேடிக்கொள்ள வேண்டும். ஒப்பந்தத்தில் எழுதிய சம்பளம், வேலை நேரம், தங்குமிடம், திரும்பும் டிக்கெட் ஆகியவற்றை அவர்களேதான் படித்துப் பார்க்க வேண்டும். சுற்றுலா விசாவில் போய் வேலை தேடுகிறவருக்கு அப்படிப் படிக்க ஒரு காகிதமும் இருக்காது.

பெண் பார்க்கும் வீட்டில் 'மாப்பிள்ளைக்கு எங்கே வேலை?' என்ற கேள்விக்குப் பிறகு 'மாதம் எவ்வளவு மிஞ்சுகிறது?' என்றும் கேட்கலாம். சம்பளத்தைச் சொல்வதில் யாருக்கும் தயக்கமில்லை. மிச்சத்தைச் சொல்லத்தான் தாளும் பென்சிலும் வேண்டும். அதைப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிப்பதற்கு முன்பே எடுத்துக்கொள்வது நல்லது.